மெட்ராஸில் வாழ்ந்த கிரேக்க இளவரசி: ஐரீன், அவர் குடும்பம், இழந்த நாடு

கேள்வி இதுதான்: கிரேக்க நாட்டு ராணி ஒருவரும் அவர் மகளும் மெட்ராஸில் தங்கி வேதாந்தம் படித்தார்கள் என்கிறார்களே, உண்மையா? அவர்கள் ஏன் நாட்டை விட்டு வெளியேறினார்கள், சொத்தும் குடியுரிமையும் என்ன ஆயின?

உண்மைதான். ராணியின் பெயர் ஃபிரடெரிக்கா, மகள் இளவரசி ஐரீன். ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் வடிவத்தில் பாதிக்கு மேல் ஒட்டுப்போட்ட சரக்கு. அரச குடும்பம் ஒன்று நாடிழந்தால் என்னென்ன நடக்கும் என்பதை ஐரீனின் வாழ்க்கையைப் போலத் தெளிவாகக் காட்டும் உதாரணம் குறைவு. பிறந்ததே அகதியாக. ஒரு வருடத்துக்கு மேல் அரியணைக்கு அடுத்த வாரிசாக இருந்தார். இருபத்தைந்து வயதில் மறுபடி நாடிழந்தார். ஐம்பது வயதைத் தாண்டியபோது குடியுரிமையும் சொத்தும் போயின. கடைசியில் வேறொரு நாட்டின் குடிமகளானார்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கிரேக்க இளவரசி ஐரீன் என்று தேடினால் இரண்டு பேர் வருவார்கள். 1904-ல் பிறந்தவர் நம்மவருடைய அத்தை. இத்தாலியின் ஆவோஸ்டா கோமகனை மணந்து, 1943-ல் இத்தாலி சரணடைந்த பிறகு ஜெர்மானியர்களால் கைக்குழந்தையோடு ஆஸ்திரியாவில் காவலில் வைக்கப்பட்டவர் அவர். மெட்ராஸுக்கு வந்தவர் 1942-ல் பிறந்தவர். மூன்றாவதாக இளவரசி ஆலிஸையும் இவரோடு கலந்து எழுதுகிறார்கள். ஆலிஸ், எலிசபெத் ராணியின் கணவர் பிலிப்பின் தாய். காது கேளாதவர், கன்னியாஸ்திரி உடை அணிந்தவர், ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது ஏதென்ஸில் தன் வீட்டில் ஒரு யூதக் குடும்பத்தை ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர். ஐரீனின் அப்பாவுக்கு ஆலிஸ் சித்தி, ஆகவே ஐரீனுக்குச் சின்னப் பாட்டி. 1960-ல் ஆலிஸும் இந்தியா வந்தார், ராஜகுமாரி அம்ரித் கௌரின் அழைப்பில். அந்தப் பயணம் உடல்நலக் குறைவால் பாதியில் முடிந்தது. குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

கிரேக்க அரச குடும்பம் கிரேக்கக் குடும்பமே அல்ல என்பதை மனத்தில் வைத்தால்தான் மீதிக் கதை புரியும். 1863-ல், முந்தைய மன்னரை விரட்டிய கிரேக்கர்கள் டென்மார்க் இளவரசர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து முதலாம் ஜார்ஜ் என்று அரியணையில் அமர்த்தினார்கள். 'கிரேக்க, டென்மார்க் இளவரசி' என்ற இரட்டைப் பட்டம் இந்த வம்சத்தில் வருவது அதனால்தான். அவர் 1913-ல் தெசலோனிக்கியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மகன் முதலாம் கான்ஸ்டன்டைன் 1917-ல் வெளியேற்றப்பட்டு, 1920-ல் திரும்பி, 1922-ல் மறுபடி முடி துறந்து, அடுத்த ஜனவரியில் சிசிலித் தீவின் பலெர்மோவில் இறந்தார். இடைப்பட்ட காலத்தில் மன்னராக இருந்த அவர் மகன் அலெக்ஸாண்டர், ஏதென்ஸ் அருகே குடும்பத்துக்குச் சொந்தமான டாட்டோய் தோட்டத்தில் குரங்கு கடித்த காயம் புரையோடி 1920-ல் இறந்தார். இன்னொரு மகன் இரண்டாம் ஜார்ஜ் 1923-ல் நாட்டை விட்டுப் போய் 1935-ல் திரும்பி 1941-ல் மீண்டும் போனார். இந்த இருவரும் ஐரீனுக்குப் பெரியப்பாக்கள். ஆக, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவது இந்த வீட்டில் மூன்று தலைமுறைப் பழக்கம்.

ஐரீனின் தந்தை பாவ்லோஸ், இரண்டாம் ஜார்ஜின் தம்பி. தாய் ஃபிரடெரிக்கா ஜெர்மனியின் ஹானோவர் வம்சத்துப் பெண், கெய்சர் (ஜெர்மன் பேரரசர்) இரண்டாம் வில்ஹெல்மின் மகள் வயிற்றுப் பேத்தி. பாவ்லோஸின் தாயோ அதே கெய்சரின் தங்கை. அதாவது ஃபிரடெரிக்கா மணந்தது தன் அம்மாவின் அத்தை மகனை. நம் ஊர்க் கணக்கில் இது அப்பா முறை, பேச்சே எடுக்க முடியாது. ஐரோப்பிய அரச குடும்பங்களில் இது சர்வசாதாரணம். கல்யாணம் 1938 ஜனவரியில் ஏதென்ஸில். அந்த நவம்பரில் மூத்த மகள் சோபியா, 1940 ஜூனில் மகன் கான்ஸ்டன்டைன்.

1941 ஏப்ரல் 6 அன்று ஜெர்மனி கிரேக்கத்தின் மீது பாய்ந்தது. அந்த மாதமே ஏதென்ஸ் விழுந்தது. அரச குடும்பம் முதலில் கிரீட் தீவுக்கு, அங்கிருந்து எகிப்துக்குப் போனது. மன்னரும் பாவ்லோஸும் நாடுகடந்த அரசோடு இருக்க வேண்டியிருந்ததால், ஃபிரடெரிக்கா பிள்ளைகளோடு தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். 1942 மே 11 அன்று கேப் டவுனில் ஐரீன் பிறந்தார். ஞானத் தந்தை அந்நாட்டுப் பிரதமர் யான் ஸ்மட்ஸ். ஜெர்மன் கெய்சரின் கொள்ளுப் பேத்திக்கு, இரண்டு உலகப் போரிலும் ஜெர்மனிக்கு எதிராக நின்ற ஒருவர் ஞானத் தந்தை. தாய்மாமன்மார் ஜெர்மன் ராணுவத்தில் இருந்த நேரம் அது. ஃபிரடெரிக்காவைக் கிரேக்கர்கள் கடைசிவரை முழுசாக நம்பாததற்கு இந்த ஜெர்மன் பிறப்பும் ஒரு காரணம்.

1944-ல் குடும்பம் அலெக்ஸாண்ட்ரியாவுக்கு வந்தது. 1946 செப்டம்பர் 1 வாக்கெடுப்பில் முடியாட்சி மீண்டும் வென்ற பிறகே கிரேக்கத்துக்குத் திரும்பினார்கள். ஐரீன் தன் நாட்டின் மண்ணை மிதித்தது நான்கு வயதில். அடுத்த ஏப்ரலில் பெரியப்பா ஜார்ஜ் இறக்க, அப்பா மன்னரானார்.

குழந்தைப் பருவம் ஏதென்ஸுக்கு வடக்கே பார்னிதா மலையடிவாரத்தில் உள்ள டாட்டோய் பண்ணையில் கழிந்தது. இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. டாட்டோய் இருப்பது பழைய டெகெலியா இருந்த இடத்தில். கி.மு. 413-ல் ஸ்பார்ட்டா படை கோட்டை கட்டி ஏதென்ஸை மூச்சுத் திணற வைத்த இடம் அது. சோபியாவும் ஐரீனும் ஓர் ஆசிரியையின் துணையோடு தோட்டத்தில் கிடைத்த பானையோடுகளைச் சேகரித்து, வகைப்படுத்தி, 1959-லும் 1960-லும் இரண்டு சிறு நூல்களாக வெளியிட்டார்கள். அப்போது ஐரீனுக்குப் பதினேழு, பதினெட்டு வயது. இன்னொரு பக்கம் பியானோ. உலகப் புகழ் பெற்ற கிரேக்கப் பியானோ கலைஞர் ஜினா பகாவரிடம் பயின்று, மேடையிலும் வாசித்தார்.

ஃபிரடெரிக்காவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் வரும் கட்டுரைகள் அவரைச் சாந்தமான ஞானத்தேடல் பெண்மணியாக மட்டும் காட்டுகின்றன. கிரேக்கத்தில் அவர் பெயர் அப்படி இல்லை. அரசுப் படைக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் நடந்த உள்நாட்டுப் போரின்போது, 1947 முதல், அவர் பெயரில் திரட்டிய நிதியில் போர்ப் பகுதிக் குழந்தைகளுக்கு இல்லங்கள் நடந்தன. ஆதரவாளர்களுக்கு அது அனாதைகளுக்குச் சோறு போட்ட பணி. இடதுசாரிகளுக்கு அது பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோய் மூளைச்சலவை செய்த பணி. அரசியலில் மூக்கை நுழைக்கிறார் என்ற புகார் கடைசிவரை ஓயவில்லை. 1954-ல் 'அகமெம்னான்' கப்பலில் ஐரோப்பிய அரச குடும்பங்களையெல்லாம் திரட்டி ஏஜியன் தீவுகளைச் சுற்றிக் காட்டினார். வெளியில் சொன்ன காரணம் சுற்றுலா வளர்ச்சி. உள்ளே நடந்தது பெரும்பாலும் வரன் பார்க்கும் படலம். சோபியாவும் ஸ்பெயினின் ஹுவான் கார்லோஸும் முதலில் சந்தித்தது அந்தக் கப்பலில்தான். 1962 மே 14 அன்று ஏதென்ஸில் கத்தோலிக்க முறையிலும், கிரேக்கர்களின் கிறிஸ்தவப் பிரிவான ஆர்த்தடாக்ஸ் முறையிலும் அவர்களுக்குக் கல்யாணம். சீதனத்துக்கு நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியது பெரிய சர்ச்சையானது.

1963 ஏப்ரல் சம்பவம் அன்றைய நிலைமையைக் காட்டிவிடும். ஃபிரடெரிக்காவும் ஐரீனும் லண்டன் போயிருந்தார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்திலிருந்து கிரேக்கச் சிறையில் கிடந்த டோனி அம்பாட்டியெலோஸ் என்ற மாலுமிச் சங்கத் தலைவரை விடுவிக்கக் கோரி, அவருடைய ஆங்கிலேய மனைவி பெட்டியும் ஆதரவாளர்களும் ஹோட்டலுக்கு அருகே அவர்களை மறித்தார்கள். ராணியும் இளவரசியும் ஒரு சந்துக்குள் ஓடி, கண்ணில் பட்ட வீட்டின் கதவைத் தட்டி உள்ளே புகுந்துகொள்ள வேண்டியதாயிற்று. ஐரீனுக்கு அப்போது இருபது வயது. அடுத்த மாதம் தெசலோனிக்கியில் நாடாளுமன்ற உறுப்பினர் லம்பிராகிஸ் தாக்கப்பட்டு இறந்தார். ஜூனில், மன்னரின் லண்டன் அரசுமுறைப் பயணம் குறித்த கருத்து வேறுபாட்டில் பிரதமர் கரமான்லிஸ் பதவி விலகினார். 1967-ல் எல்லாம் திடீரென்று சரிந்தது என்று நினைப்பவர்கள் இந்த வருடத்தைப் பார்க்க வேண்டும்.

1964 மார்ச் 6 அன்று பாவ்லோஸ் மன்னர் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். இருபத்து மூன்று வயது கான்ஸ்டன்டைன் மன்னரானார். அவருக்கு அப்போது பிள்ளைகள் இல்லை. அக்கா சோபியா கல்யாணத்தின்போதே வாரிசுரிமையை விட்டுக்கொடுத்திருந்தார். 1952 அரசமைப்புப்படி மன்னருக்கு ஆண் வாரிசு இல்லாவிட்டால் பெண்ணுக்கும் உரிமை உண்டு. ஆகவே ஐரீன் அடுத்த வாரிசானார். 1965 ஜூலை 10 அன்று கோர்ஃபு தீவில் கான்ஸ்டன்டைனுக்கும் டென்மார்க் இளவரசி ஆன் மரீக்கும் அலெக்ஸியா பிறக்கும்வரை அந்த நிலை நீடித்தது. 'ராணியாகியிருக்க வேண்டியவர்' என்று ஐரீனைச் சிலர் எழுதுவது இந்த பதினாறு மாதங்களை வைத்துத்தான். அது மிகை. தற்காலிக வாரிசு, அவ்வளவே.

1967 ஏப்ரல் 21 அதிகாலையில் கர்னல்கள் சிலர் ஆட்சியைப் பிடித்தார்கள். மன்னர் அவர்களுடைய அரசுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். இந்த ஒரு செயலைக் கிரேக்கர்களில் பலர் அவருக்கு மன்னிக்கவே இல்லை. டிசம்பர் 13 அன்று அவர் எதிர்ப்புரட்சிக்கு முயன்றார். திட்டம் இது: குடும்பத்தோடு வடக்கே கவாலாவுக்குப் பறப்பது, வடபகுதிப் படைகளைத் திரட்டுவது, கப்பல் படையும் விமானப் படையும் தன் பக்கம் இருப்பதால் கர்னல்களைப் பணிய வைப்பது. தோற்றதற்குக் காரணம் மேல்மட்டத் தளபதிகளை மட்டும் நம்பியது. தளபதிகள் மன்னர் பக்கம், ஆனால் அவர்களுக்குக் கீழே படைப்பிரிவுகளைக் கையில் வைத்திருந்த இடைநிலை அதிகாரிகள் கர்னல்கள் பக்கம். அவர்கள் தங்கள் தளபதிகளையே கைது செய்தார்கள். மக்களுக்கு மன்னர் விடுத்த வானொலி உரை பலவீனமான ஒலிபரப்பில் போனதால் ஏதென்ஸில் சரியாகச் சேரவே இல்லை. உடன்பிறப்புகளுக்குள் ரத்தம் சிந்தக்கூடாது என்று சொல்லி, 14-ஆம் தேதி விடியுமுன் அவர் ரோமுக்குப் பறந்தார். விமானத்தில் மனைவி, இரண்டு வயது அலெக்ஸியா, ஏழு மாதக் கைக்குழந்தை பாவ்லோஸ், தாய் ஃபிரடெரிக்கா, தங்கை ஐரீன்.

அன்றோடு முடியாட்சி முடிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. 1973 வரை கான்ஸ்டன்டைன் சட்டப்படி மன்னரே. ஏதென்ஸில் அவர் சார்பில் ஓர் ஆட்சிப் பிரதிநிதி இருந்தார், நாணயத்தில் மன்னர் முகமே இருந்தது, அவருக்குரிய படித்தொகையும் போய்க்கொண்டிருந்தது. 1973 மே மாதம் கப்பல் படையில் ஒரு கலகம் நடக்க, அதில் மன்னருக்குக் கைவரிசை உண்டு என்று சொல்லி ஜூன் 1 அன்று ராணுவ ஆட்சி குடியரசை அறிவித்தது. ஜூலையில் ஒரு வாக்கெடுப்பும் நடத்தியது. அது ராணுவம் நடத்திய வாக்கெடுப்பு என்பதால் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. கணக்கில் வருவது, ஜனநாயகம் திரும்பிய பிறகு 1974 டிசம்பர் 8 அன்று நடந்தது. குடியரசுக்கு 69 விழுக்காடு. பிரசாரத்துக்கு நாட்டுக்குள் வர மன்னருக்கு அனுமதி இல்லை, தொலைக்காட்சியில் பேச மட்டும் விட்டார்கள். நியாயமா என்று இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் அவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஒரு சுற்றுப்பயணம் மாற்றியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த இடத்தில்தான் மெட்ராஸ் வருகிறது. கான்ஸ்டன்டைன் குடும்பம் ரோமிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்விட்டது. ஃபிரடெரிக்காவும் ஐரீனும் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஃபிரடெரிக்காவுக்கு அணு இயற்பியலில் வெகுநாள் ஆர்வம். பொருளின் அடிப்படை என்ன என்ற கேள்வி அவரை அத்வைதத்தில் கொண்டுவந்து விட்டது. 1960-களிலேயே மகளோடு வந்து காஞ்சி மகா பெரியவரைத் தரிசித்திருக்கிறார். ரிஷிகேஷுக்குப் போகாமல் மெட்ராஸுக்கு ஏன்? காரணம் பேராசிரியர் டி.எம்.பி. மகாதேவன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தத்துவ உயராய்வு மையத்தை நடத்திய அவர், சங்கரரையும் கௌடபாதரையும் ஆங்கிலத்தில் முறையாகப் பாடம் சொல்லக்கூடியவர், காஞ்சி மடத்துக்கும் ரமணாசிரமத்துக்கும் நெருக்கமானவர். தியானத்துக்கு ஊர்கள் பல உண்டு. வரி வரியாக நூலை வைத்துப் படிக்க மெட்ராஸ்தான் சரியான இடம். 1970-களில் தாயும் மகளும் இங்கே வாழ்ந்தார்கள்.

இதை ஒட்டி இணையத்தில் வளர்ந்தவற்றில் இரண்டைக் கழித்துவிட வேண்டும். ஃபிரடெரிக்கா இந்துவாக மதம் மாறினார் என்பது ஒன்று. அவர் இறுதிச் சடங்கு ஆர்த்தடாக்ஸ் முறைப்படி, கணவரின் பக்கத்திலேயே நடந்தது. இன்னொன்று, இந்தியாவைப் பார்த்துப் பொறாமைப்படுவதாக அவர் சொன்ன நீண்ட மேற்கோள். எங்கே, எப்போது, யாரிடம் சொன்னார் என்ற விவரமே இல்லாமல் அது பல வடிவங்களில் சுற்றுகிறது. வடிவத்துக்கு வடிவம் சொற்கள் மாறும் மேற்கோளை எடுத்தாளாமல் விடுவதே நல்லது. 1971-ல் அவரே ஆங்கிலத்தில் எழுதிய தன்வரலாறு வெளிவந்திருக்கிறது. அவர் சிந்தனை வேண்டுமென்றால் அங்கே தேடலாம்.

1981 பிப்ரவரி 6 அன்று, மகள் சோபியாவைப் பார்க்க மாட்ரிட் வந்திருந்தபோது, கண்ணிமையில் செய்த ஒரு சிறு அறுவைச் சிகிச்சையின் நடுவே மாரடைப்பு ஏற்பட்டு ஃபிரடெரிக்கா இறந்தார். வயது 63. டாட்டோயில் அடக்கம் செய்யக் கிரேக்க அரசு சம்மதித்தது, ஆனால் குடும்பத்துக்குக் கொடுத்தது சில மணி நேரம் மட்டுமே. பதின்மூன்று வருடத்துக்குப் பின் சொந்த மண்ணில் கால் வைத்த கான்ஸ்டன்டைன், அம்மாவைப் புதைத்துவிட்டு அன்றே விமானம் ஏற வேண்டியிருந்தது. நாடிழந்த அரச குடும்பத்தின் நிலையை அரசமைப்பு வாசகங்களை விட இந்த மாதிரி நேரக் கணக்குகள்தான் தெளிவாகச் சொல்லும்.

அம்மா போன பிறகு ஐரீன் மாட்ரிட்டில் அக்காவிடம் சேர்ந்தார். இதிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. சோபியா கல்யாணம் செய்தபோது ஹுவான் கார்லோஸ் குடும்பமே நாடிழந்த குடும்பம். மாப்பிள்ளை பிறந்தது ரோமில், அப்பா வசித்தது போர்ச்சுகலில், ஸ்பெயினில் ஃபிராங்கோவின் சர்வாதிகாரம். அன்றைக்குக் கிரேக்க இளவரசிக்கு அது இறங்கு சம்பந்தம் என்றே பேசியிருப்பார்கள். 1975 நவம்பரில் ஃபிராங்கோ இறந்து ஸ்பெயினில் முடியாட்சி திரும்பியது, கிரேக்கத்தில் முந்தைய வருடமே ஒழிந்திருந்தது. நாடிழந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட சோபியா ராணியானார், ஆண்ட வீட்டுப் பிள்ளை கான்ஸ்டன்டைன் நாடற்றவரானார். கல்யாணம் ஆகாத ஐரீனுக்கு வாழ்நாள் முழுக்கக் கூரையாக இருந்தது அந்தச் சம்பந்தம். டென்மார்க்கில் அண்ணி வீடு, இங்கிலாந்தில் சித்தப்பா முறையான பிலிப், ஜெர்மனியில் தாய்மாமன் வீடு என்று வேறு கதவுகளும் உண்டு. ஆனால் நிரந்தரமாகத் தங்கியது மாட்ரிட் அருகே அக்கா குடும்பம் வசித்த சர்சுவேலா அரண்மனையில்தான். அக்கா பிள்ளைகள் அவருக்கு வைத்த செல்லப்பெயர் 'பெக்கு', விசித்திரமானவர் என்ற ஸ்பானியச் சொல்லின் சுருக்கம்.

1986-ல் மாட்ரிட்டில் 'முண்டோ என் அர்மோனியா' (இணக்கமான உலகம்) என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். அதில் இந்தியாவோடு தொடர்புள்ள ஒரு பணி இன்றும் பேசப்படுகிறது. அந்நாள் ஐரோப்பாவில் பால் மிதமிஞ்சி உற்பத்தியானது. 1984-ல் பாலுக்கு உச்சவரம்பு கொண்டு வந்தார்கள், கறவை மாடுகளைக் குறைக்க விவசாயிகளுக்குப் பணமும் கொடுத்தார்கள். வெட்டுக்குப் போகும் மாடுகளை இந்திய ஏழைக் குடும்பங்களுக்கு அனுப்பலாமே என்பது ஐரீனின் யோசனை. மாடுகள் விமானத்தில் ஏற்றப்பட்டு இந்தியா வந்தன. நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் ஐரோப்பியக் கறவை இனம் நம் வெயிலில் நிழலும் தண்ணீரும் பசுந்தீவனமும் தாராளமாக இருந்தால்தான் தாங்கும். இல்லாவிட்டால் வெப்பத்தில் பால் மளமளவென்று குறையும், உண்ணிக் காய்ச்சலும் எளிதாகப் பிடிக்கும். இந்தியப் பால்வளம் பெருகியது கலப்பினத்தாலும் எருமையாலும் கூட்டுறவாலும்தான், விமானத்தில் வந்த மாடுகளால் அல்ல.

இனி சொத்து. அதிகம் தவறாக எழுதப்படும் பகுதி இது. கிரேக்கத்தில் குடும்பத்துக்கு மூன்று பெரிய சொத்துகள்: 1872-ல் முதலாம் ஜார்ஜ் வாங்கிய டாட்டோய், சுமார் 4,200 ஹெக்டேர், தெசலிப் பகுதியில் பாலிடென்ட்ரி என்ற காட்டுப் பண்ணை, சுமார் 3,360 ஹெக்டேர், கோர்ஃபுவில் மான் ரெப்போ மாளிகை, சுமார் 24 ஹெக்டேர். பிலிப் பிறந்தது அந்த மான் ரெப்போவில்தான். ஐரீனுக்கு இருந்தது பாலிடென்ட்ரியில் பங்கு.

1974-க்குப் பிறகும் இவை உடனே பறிபோகவில்லை, வரி வழக்கும் நிர்வாகச் சிக்கலுமாக இழுத்தன. 1991-ல் டாட்டோயிலிருந்து ஒன்பது கன்டெய்னர்களில் தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துப் போக அனுமதித்தார்கள். 1992-ல் அன்றைய வலதுசாரி அரசோடு ஓர் உடன்பாடு வந்தது: நிலத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுப்பது, பதிலுக்கு மீதியை வைத்துக்கொள்வது, வரிப் பாக்கியைத் தீர்த்துக்கொள்வது. 1993 கோடையில் குடும்பம் படகில் கிரேக்கக் கடற்கரையைச் சுற்றி வந்தது. போன இடமெல்லாம் கூட்டம் கூடவே, அரசு பதறிப்போய்ப் போர்ப்படகுகளையும் விமானங்களையும் பின்னால் அனுப்பியது. அந்த அக்டோபரில் சோஷலிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். 1994-ல் 2215 எண்ணுள்ள சட்டம் வந்தது. 1992 உடன்பாடு செல்லாது, மூன்று சொத்தும் அரசுக்கு, நஷ்டஈடு ஒரு காசு கிடையாது.

கான்ஸ்டன்டைன், ஐரீன், அத்தை கேத்தரின் ஆகியோர் ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். (கேத்தரின் 1947-ல் ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரியை மணந்து சாதாரணக் குடும்பப் பெண்ணாக வாழ்ந்தவர்.) கிரேக்க அரசின் வாதம், இது அரசுத் தலைவர் பதவியோடு ஒட்டிய சொத்து, பதவி போனால் சொத்தும் போகும் என்பது. நீதிமன்றம் ஏற்கவில்லை. வாங்கியது, விற்றது, உயில் எழுதியது, பங்கு பிரித்தது எல்லாம் தனியார் சொத்தாகவே நடந்திருக்கிறது, அரசே பலமுறை அப்படித்தான் நடத்தியிருக்கிறது என்றது. 2000 நவம்பர் 23 தீர்ப்பு குடும்பத்துக்குச் சாதகம்.

ஆனால் பலரும் கவனிக்காத நுணுக்கம் ஒன்று. சொத்தை எடுத்தது தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. முடியாட்சியிலிருந்து குடியரசுக்கு மாறும் நாடு அப்படிச் செய்யலாம். நஷ்டஈடே கொடுக்காமல் எடுத்ததுதான் தவறு. ஆகவே நிலம் திரும்பவில்லை. பணமும் சந்தை விலைக்குக் கிடைக்கவில்லை. குடும்பம் காலங்காலமாக அனுபவித்த வரிவிலக்குகளையும் சலுகைகளையும் கழித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, 2002 நவம்பர் 28 அன்று தொகையை அறிவித்தார்கள்: கான்ஸ்டன்டைனுக்கு 1.2 கோடி யூரோ, ஐரீனுக்கு 9 லட்சம், கேத்தரினுக்கு 3 லட்சம், வழக்குச் செலவு 5 லட்சம். கேட்டதோ சுமார் 50 கோடி யூரோ. இயற்கைப் பேரிடர் நிதியிலிருந்து இந்தத் தொகையை எடுத்துக் கொடுத்து, கிரேக்க அரசு தன் கோபத்தைத் தீர்த்துக்கொண்டது.

குடியுரிமைக்கு வருவோம். அதே 1994 சட்டம், இந்தக் குடும்பத்தினர் கிரேக்கக் குடிமக்களாக இருக்க மூன்று நிபந்தனை வைத்தது: அரசமைப்பையும் குடியரசையும் நிபந்தனையின்றி ஏற்கும் அறிவிப்பு, பட்டம் வாரிசுரிமை சார்ந்த எல்லாக் கோரிக்கைகளையும் கைவிடுதல், நகராட்சிப் பதிவேட்டில் பெயரும் குடும்பப் பெயருமாகப் பதிதல். முட்டுக்கட்டை போட்டது மூன்றாவதுதான். எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்றார் கான்ஸ்டன்டைன். அரசு அவர்களை அழைத்த 'குளுக்ஸ்பர்க்' என்ற பெயர் வம்சம் வந்த ஜெர்மன் ஊரின் பெயர். அதை ஏற்றால் நாங்கள் வெளிநாட்டார் என்று நாங்களே எழுதிக்கொடுத்ததாக ஆகும் என்பது அவர் நிலை. டென்மார்க் கொடுத்த தூதரகக் கடவுச்சீட்டில் அவர் பயணம் செய்தார். இதை வைத்து, டென்மார்க் அரியணையிலும் இவர்களுக்கு உரிமை உண்டு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1953 டேனிஷ் வாரிசுச் சட்டம் உரிமையைப் பத்தாம் கிறிஸ்டியனின் வழித்தோன்றல்களோடு நிறுத்திவிட்டது. மிஞ்சியது பட்டம் மட்டும்.

ஐரீன் வேறு வழியில் போனார். 2018 மார்ச்சில் ஸ்பெயின் அரசு தன் சிறப்பு அதிகாரத்தில் அவருக்குக் குடியுரிமை வழங்கியது. வழக்கமான விண்ணப்பம், வசிப்புக் காலம், தேர்வு எதுவும் தேவைப்படாமல், விதிவிலக்கான சூழலில் இருப்பவர்களுக்கு அமைச்சரவை ஆணை மூலம் கொடுக்கும் முறை இது. அப்போது அவருக்கு 75 வயது, ஸ்பெயினில் வாழ்ந்ததோ முப்பது வருடத்துக்கு மேல்.

2013-ல் கான்ஸ்டன்டைன் கிரேக்கத்துக்கே குடிவந்தார். 2023 ஜனவரி 10 அன்று ஏதென்ஸில் இறந்தார். முன்னாள் அரசுத் தலைவர் என்ற மரியாதை கொடுக்காமல், தனி மனிதராகவே அடக்கம் செய்ய அரசு முடிவெடுத்தது. ஆறு நாள் கழித்து டாட்டோயில் நடந்த சடங்கில் அக்காவும் தங்கையும் கலந்துகொண்டார்கள். டாட்டோய் இப்போது அரசுடையது, 2021 ஆகஸ்ட் காட்டுத்தீயில் ஒரு பகுதி எரிந்தும் போனது. ஆனால் குடும்பக் கல்லறை அங்கேயே இருக்கிறது.

குடும்பப் பெயர்ச் சிக்கல் தீர்ந்தது 2024 டிசம்பரில். கான்ஸ்டன்டைனின் ஐந்து பிள்ளைகளும், மூத்த மகன் பாவ்லோஸின் ஐந்து பிள்ளைகளும் குடியரசை ஏற்று அறிவிப்பு கொடுத்து, கிரேக்கக் குடியுரிமை பெற்றார்கள். பதிவேட்டில் எழுதிக்கொண்ட குடும்பப் பெயர் 'து கிரேஸ்'. பிரெஞ்சில் கிரேக்கத்தைச் சேர்ந்தவர் என்று பொருள். அது பட்டம்தானே, பெயர் அல்லவே என்று இடதுசாரிக் கட்சிகள் கொதித்தன. உள்துறை அமைச்சகம் பெயராகவே பதிந்துகொண்டது.